மருத்துவர் சுனிதி சொலமனின் பணியும் தமிழ் இல்லங்களின் மௌனமும்



எச்.ஐ.வி. மேலைநாட்டவரின் நோய், கட்டுப்பாடு மிக்க சமூகத்தை அது அண்டாது என்று இந்தியாவில் பலரும் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கை 1986ஆம் ஆண்டு சென்னையில் தகர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சொலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை இதுபற்றி ஆராயத் தூண்டினார். பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களின் குருதி மாதிரிகளை நிர்மலா திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டன. ஆறு பெண்களுக்குத் தொற்று இருந்தது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்று அதுவே.

அதன்பின் நேர்ந்தவை நோயினும் கொடியவை. மருத்துவர்கள் பலர் நோயாளரைத் தொடவும் அஞ்சினர், உற்றார் கைவிட்டனர். 1993இல் சொலமன் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தை நிறுவினார். சோதனை, ஆலோசனை, சிகிச்சை ஆகியவை அங்கு ஒருங்கே கிடைத்தன. தொற்றுடன் வாழ்வோர் தமக்குள் மணம் புரியவும் அவரே முன்னின்று துணை தேடித் தந்தார்.

அந்நிலையமும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வொன்றில், 9 நாடுகளைச் சேர்ந்த 1,763 இணையர் சேர்க்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மட்டுமே தொற்று இருந்தது. மருந்தைத் தாமதமின்றித் தொடங்கியவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. மருந்தை நாள்தோறும் தவறாது உட்கொண்டு, குருதியில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலையைப் பேணுபவரிடமிருந்து பாலுறவு வழியே நோய் தொற்றுவதில்லை என்பதைப் பிந்தைய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. சிகிச்சையே தடுப்பும் ஆயிற்று.

ஆயினும், சோதனைக்குச் செல்லாதவரை மருந்து சென்றடைவதில்லை. சோதனைக்குச் செல்வதைத் தடுப்பது அச்சம்; அச்சத்தை வளர்ப்பது இல்லத்தின் மௌனம். புலம்பெயர்ந்த நாட்டில் மருத்துவமனை அருகிலேயே இருக்கலாம். குடும்ப மருத்துவரும் தமிழராயின், செய்தி வீட்டுக்கு எட்டிவிடுமோ எனத் தயங்கும் இளையோர் இருக்கவே செய்வர். நோயாளரின் மறை காப்பது மருத்துவரின் கடமை என்பதை இளையோர் அறிதல் வேண்டும். எது நேரினும் பிள்ளைக்கு வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே வாய்திறந்து சொல்லுதல் வேண்டும்.

சொலமன் 2015இல் மறைந்தார். அவர் தம் நிலையத்தில் அந்நியருக்குக் காட்டிய பரிவைத் தமிழ் இல்லங்கள் தம் சொந்தப் பிள்ளைகளுக்கேனும் காட்டுதல் தகும்.