உடும்புப் பண்ணை வைக்கலாமா?

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கோழியைப் போல் உடும்பையும் அடைத்து வளர்த்தால் கிராமத்துக்கு வருவாய் ஆகாதா?" என்று சற்று முன் ஓர் அன்பர் வினவினார். நியாயமான கேள்வியே. ஆயினும், ஆகாது என்பதே விடை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. பிடிப்பதும், கொல்வதும், அடைத்து வளர்ப்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதமும் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்ப்பினும் கணக்குக் கட்டாது. கோழிமுட்டை 21 நாளில் பொரிக்கும். உடும்பு முட்டைக்கோ ஐந்தரை மாதம் முதல் எட்டு மாதம் வரை வேண்டும். தாய் உடும்பு சில வேளைகளில் கரையான் புற்றைத் தோண்டி முட்டையிட்டு மூடிச் செல்கிறது. உடைந்த இடத்தைக் கரையான்களே பூசி அடைக்கின்றன. உள்ளே வெப்பமும் ஈரமும் சீராக நிற்கின்றன. கூலி வாங்காமல் அடைகாப்பவை கரையான்கள்! வயலோரப் புற்றை இடிக்குமுன் இதனை நினைக்க வேண்டுகிறேன்.

உடும்புக்கு முக்கிய இரை வண்டு முதலிய பூச்சிகள். நண்டும் எலியும் கிடைத்தால் விடாது. கோழிமுட்டையையும் திருடும், மறுப்பதற்கில்லை. கூண்டுக்கு நல்ல கதவு போட்டால் அந்த வழக்குத் தீரும்.

உடும்புத் தோலில்தான் கஞ்சிரா பேசும் என்பார் உண்டு. இன்று ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் வாசிக்கிறார்கள்.

உடும்பு வீட்டில் புகுந்தால் அடிக்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வாலைப் பிடித்து இழுக்க வேண்டா. அதன் பிடி எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.