கரைக்கு வரவேண்டிய கல்வி



சுற்றுச்சூழல், அறம், உலக மக்களின் உடல்நலம் ஆகிய மூன்றும் இன்று பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவுகளில் இணைத்தே பேசப்படுகின்றன. அவ்விணைப்புக்கு வெளிநாட்டுச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை; சிங்காநல்லூர்க் குளக்கரையே போதும்.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். அதன் வெள்ளத்தைத் தடுப்பணைகளாலும் வாய்க்கால்களாலும் குளந்தோறும் நிரப்பி வைத்தனர் முன்னோர். மேல்மடைக்காரன் கீழ்மடைக்காரனுக்குக் கடமைப்பட்டவன் என்பது அவர்கள் ஏட்டில் எழுதாத அறம். நகரம் பெருகியபின் அந்த வாய்க்கால்களிலேயே சாக்கடையும் சேர்ந்து வந்தது. ஆயினும் சிங்காநல்லூர்க் குளம் மாண்டுவிடவில்லை. கூழைக்கடாவும் நாமக்கோழியும் இன்றும் அங்கு வருகின்றன. 2017-இல் கோவை மாநகராட்சி அதனை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

ஆற்றின் போக்கில் இன்னும் கீழே சென்றால் காட்சி கொடிது. பாசனத்துக்கென ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அணை எழுந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் தேங்கியது. பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு மிகுதியாக வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. தெளிந்ததாகத் தோன்றிய நீரே வயலையும் கிணற்றையும் கெடுத்தது. தண்ணீருக்காகக் காத்திருந்த உழவர், தண்ணீரால் கெட்டோம் என்று நீதிமன்றப் படியேறினர். சாயப்பட்டறையாளரின் மேல்முறையீட்டை 2009-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, கூலியாட்களின் அடுப்பும் அணைந்தது. மலிவான பனியனை வாங்கி அணிந்த தொலைநாட்டாருக்கு இவ்விரு துயரங்களும் தெரியா. விலைச்சீட்டில் ஏறாத விலையை யார் தருவது என்பதே இங்கு எழும் அறக்கேள்வி.

இதில் பல்கலைக்கழகத்தின் பங்கு யாது? ஜப்பானிய மினமாட்டாவில் 1956-இல் விளங்காத நரம்பு நோய் ஒன்று வெளிப்பட்டது. கடல் மீனில் சேர்ந்த கரிமப் பாதரசமே காரணம் என்று 1959-இலேயே குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் கூறினர். ஆலைக் கழிவே மூலமென அரசு ஒப்புக்கொண்டதோ 1968-இல். இடைப்பட்ட ஒன்பதாண்டில் கழிவும் நிற்கவில்லை, நோயும் நிற்கவில்லை. உண்மையைக் கண்டறிவது ஒன்று. அது ஊராரின் உடைமையாவது வேறொன்று. முன்னது ஆய்வுக்கூடத்தில் முடியலாம். பின்னதற்கு மக்களின் மொழி வேண்டும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் அமைந்த நகரம் கோவை. இங்கு ஆய்வுக்கும் பஞ்சமில்லை, அரங்குக்கும் பஞ்சமில்லை. ஆனால் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு எவ்வளவு, அதைப் பயிர் தாங்குமா, குழந்தை குடிக்கலாமா என்று கேட்கும் உழத்திக்கு, அவள் தமிழில் விடை சொல்லும் சொற்பொழிவே பொதுச் சொற்பொழிவு. கேட்டவர் திரும்ப வினவும் உரிமையும் அதில் இருத்தல் வேண்டும். அறிவியலின் கலைச்சொல்லை ஊராரின் சொல்லாக்கும் பணியில் இலக்கிய வட்டங்களுக்கும் இடமுண்டு.

அடுத்த பத்தாண்டில் அத்தகைய மேடையொன்று சிங்காநல்லூர்க் குளக்கரையில் அமையட்டும். மேல்மடையின் அறிவு கீழ்மடைக்கும் பாயட்டும்.