பீஸ் ஸ்டேஷன் கிடைச்சா பெட்டியைக் கட்டணும்!

('படைவீரருக்குச் செலவு மிகுந்த ஊருக்கு மாற்றல் வந்தால் குடும்பம் கூடவே செல்வதா, சொந்த ஊரில் தங்குவதா?' என்ற பட்டிமன்றத்தில், 'கூடவே செல்வதே' என்னும் அணியில் பேசியது)

    

எனக்கு முன்னாலே பேசின எதிரணி அண்ணன் கையிலே ஒரு நோட்டுப் புத்தகத்தோட வந்தாரு. வாடகை இவ்வளவு, பால் இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவுன்னு வரிசையா வாசிச்சாரு. எனக்கு ஒரு சந்தேகம் அய்யா. இவரு பட்டிமன்றத்துக்கு வந்தாரா, மளிகைக்கடை பாக்கி வசூல் பண்ண வந்தாரா? (சிரிப்பு)

ஆனா ஒண்ணு. அண்ணன் போட்ட கணக்கு தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ஏன்னா, அதே கணக்கை அடுப்படியிலே உக்காந்து போட்டவ நான். ராணுவத்திலே ஹவில்தாரா இருந்தவரோட மனைவி. வேலூர்ப் பக்கம். எங்க மாவட்டத்திலே கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் உண்டு. வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கிறதாலே அதுக்கு 'ராணுவப்பேட்டை'ன்னே இன்னொரு பேரு. அந்த மண்ணிலேருந்து வந்திருக்கேன். அதனாலே நடுவர் அவர்கள் மணியடிக்கிறப்போ கொஞ்சம் ஜாக்கிரதையா அடிக்கணும்! (சிரிப்பு, கைதட்டல்)

ராணுவத்திலே ரெண்டு விதமான ஊர் உண்டுங்க. ஒண்ணு, ஃபீல்டு. எல்லை, பனிமலை, காடு. அங்கே குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. இன்னொண்ணு, பீஸ் ஸ்டேஷன். அங்கே மனைவி மக்களோட இருக்கலாம். 'பொண்டாட்டி கூட வர்ற ஊருக்கு எப்படிய்யா அமைதின்னு பேரு வச்சான்?'னு நடுவர் யோசிக்கிறது எனக்குத் தெரியுது. (பலத்த சிரிப்பு)

ஒரு சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதுவும் முழுசாக் கிடைச்சா. எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2010ஆம் வருஷம். 2018ல் ஒரு நாள் பழைய காலண்டரையெல்லாம் எடுத்து வச்சுக் கூட்டிப் பார்த்தேன். எட்டு வருஷத்திலே நாங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது ஒண்ணே முக்கால் வருஷம்! நம்ம ஊர்லே வாடகைக்கு வர்றவன்கூட அதைவிட அதிக நாள் இருந்துட்டுப் போவான்.

'ஏம்மா, நடுவிலே ஒரு பீஸ் ஸ்டேஷன்கூடவா கிடைக்கலே?'ன்னு கேப்பீங்க. கிடைச்சுதுங்க. வடக்கே ஒரு பெரிய ஊரு. இவரு கூப்பிட்டாரு. நான் போகலே. ஏன் போகலே? இதோ இந்த அண்ணன் பேச்சைக் கேட்டேன்! 'அங்கே போனா சம்பளமெல்லாம் கரைஞ்சு போகும். இங்கேயே இரு. நாலு காசு சேர்த்து வீட்டுக்கு முன்கட்டு எழுப்பலாம்'னு பெரியவங்க சொன்னாங்க. இருந்தேன். காசு சேர்ந்துச்சு. முன்கட்டும் எழும்பிச்சு. கிரானைட் போட்ட திண்ணை!

அந்தத் திண்ணையிலே என்ன நடந்ததுன்னு கடைசியிலே சொல்றேன். மறந்துடாதீங்க.

2018லே மும்பைக்கு மாற்றல் வந்துச்சு. கொலாபா. மூணு பக்கமும் கடல். கேட்டவங்க எல்லாரும், 'ஆகா! பம்பாயா? கொடுத்து வச்சவ'ன்னாங்க. கொடுத்து வைக்கிறதுன்னா என்னன்னு அங்கே போனப்புறம்தான் தெரிஞ்சுது. முன்பணம் கொடுத்து வைக்கணும், தரகருக்கு ஒரு மாச வாடகை கொடுத்து வைக்கணும்! (சிரிப்பு)

குவார்ட்டர்ஸ் இல்லையான்னா, இருக்கு. ஆனா வரிசை இருக்கு. நம்ம பேரு வர்ற வரைக்கும் வெளியிலே வாடகைக்கு இருக்கணும். அதுக்கு வீட்டு வாடகைப்படி கொடுக்கிறாங்க. எவ்வளவு? ஏழாவது ஊதியக் குழுவுக்கு அப்புறம், 2017 ஜூலையிலேருந்து, மும்பை மாதிரி பெரிய நகரத்துக்கு அடிப்படைச் சம்பளத்திலே 24 விழுக்காடு. ஹவில்தாருக்கு அடிப்படைச் சம்பளம் 29,200ல் ஆரம்பம். 24 விழுக்காடு போட்டா 7,008 ரூபாய். கொலாபாவிலே ஒரு தரகர்கிட்ட இந்தத் தொகையைச் சொன்னோம். அவரு ரொம்ப மரியாதையாக் கேட்டாரு: 'மோட்டார் சைக்கிள் நிறுத்தவா?' (பலத்த சிரிப்பு)

இதுதாங்க சிக்கல். விழுக்காடு ஊருக்கெல்லாம் ஒண்ணு. வாடகை தெருவுக்குத் தெரு வேற. மும்பை நகரம் முழுக்க ஒரே விகிதம். ஆனா கடலோரத்திலே இருக்கிற முகாமுக்குப் பக்கத்திலே சிப்பாய் குடியிருக்க முடியுமா? அப்புறம் அகவிலைப்படி ஏறினப்போ அந்த 24, 2021லே 27 ஆச்சு, 2024லே 30 ஆச்சு. 30ன்னே வச்சாலும் அதே ஆரம்பச் சம்பளத்துக்கு 8,760. மோட்டார் சைக்கிளோட ஒரு ஸ்கூட்டரும் நிறுத்தலாம்! (சிரிப்பு)

என்ன பண்ணினோம்? கல்யாண் பக்கம் ஒரு அறை, ஒரு சமையலறை. மும்பைக்காரங்க 'ஒன் ரூம் கிச்சன்'னு சொல்வாங்க. நம்ம ஊர்லே அதைத் தாழ்வாரம்னு சொல்வோம். வாடகை 6,500. முன்பணம் 40,000. பதினோரு மாச ஒப்பந்தம். என் வளையல் நாலையும் அடகு வச்சேன். இவரு வெளியே தங்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கிட்டு, விடியுறதுக்கு முன்னாலே லோக்கல் ரயிலைப் பிடிச்சு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே நின்னுக்கிட்டே போயி, சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்திலே இறங்கி, அங்கேருந்து பஸ். காஷ்மீர்லே மூணு வருஷம் இருந்தவரு, 'அங்கே இவ்வளவு நெருக்கடி இல்லே'ன்னாரு! (சிரிப்பு, கைதட்டல்)

காசை எப்படிச் சமாளிச்சோம்? மாசம் ஒரு தரம் கேன்டீன் கார்டை எடுத்துக்கிட்டுப் போயி எண்ணெய், சோப்பு, பருப்பு மொத்தமா வாங்கிக்கிட்டு வருவோம். காய்கறி ராத்திரி கடை கட்டுற நேரத்திலே. உடம்புக்கு முடியலேன்னா கடற்படை ஆஸ்பத்திரி 'அஸ்வினி' இருக்கு, அங்கே செலவில்லே. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு கடற்கரை. அந்த ஊர்லே முன்பணம் கேக்காதது அந்தக் கடல் ஒண்ணுதான்.

ஒன்பது மாசம் கழிச்சுக் குவார்ட்டர்ஸ் வந்துச்சு. இவரு பேரும் நம்பரும் வெள்ளை பெயிண்ட்லே எழுதின அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டிகளை மறுபடியும் கட்டினேன். உப்புக் காத்துலே ஒரே மழைக்காலத்திலே பெட்டியெல்லாம் துருப் பிடிச்சுப் போச்சு. போகட்டும். பெட்டிதானே?

இப்ப எதிரணிக்கு ஒரு கேள்வி. 1963லே 20 ராணுவப் பள்ளிகளை எடுத்துத்தான் கேந்திரிய வித்யாலயாவை ஆரம்பிச்சாங்க. எதுக்கு? அப்பா எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைக்கு அதே பாடம் தொடரணும்னு. அங்கே சேர்க்கைக்கு, எத்தனை மாற்றல் வாங்கியிருக்கோம்னு பார்த்துத்தான் முன்னுரிமை. எங்களுக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான்! 2002லே மணமானோர் குடியிருப்புத் திட்டம்னு ஒண்ணு தொடங்கி, ஏறக்குறைய 2 லட்சம் வீடு கட்டணும்னு முடிவு பண்ணினாங்க. எதுக்கு? பீஸ் ஸ்டேஷன்லேயாவது குடும்பம் ஒண்ணா இருக்கணும்னு. நாட்டுக்கே தெரிஞ்சிருக்கு, அண்ணனுக்குத் தெரியலையே! வீடு பத்தலையா? வீடு கேளுங்க. படி பத்தலையா? படி கேளுங்க. காசு பத்தலேன்னு குடும்பத்தைப் பிரிக்காதீங்க. (கைதட்டல்)

எல்லா வீட்டுக்கும் இது ஒத்து வருமான்னா, வராது. பிள்ளை பன்னிரண்டாவது படிக்கும். மாமியார் படுக்கையிலே இருப்பாங்க. அந்த வீட்டுக்குச் சட்டம் வேற. நானும் சும்மா போகலே. பார்த்துக்கிட்டிருந்த டீச்சர் வேலையை விட்டுட்டுத்தான் போனேன். நாலு வளையல்லே ரெண்டை மீட்டேன். ரெண்டு ஏலத்திலே போச்சு. வலிச்சது. இல்லேன்னு சொன்னா பொய்.

இப்ப அந்தத் திண்ணைக்கு வர்றேன்.

2017. இவரு லீவுலே வந்திருந்தாரு. எங்க மகளுக்கு அஞ்சு வயசு. அப்பா தூக்கினா விறைச்சுக்குவா. இவரு உள்ளே வந்தா அவ வெளியே போயிடுவா. ஒரு நாள் நான் அவளை அடிச்சுட்டேன். அழுதுக்கிட்டே என் செல்போனை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினா. முன்கட்டுத் திண்ணையிலே இவரு போன் அடிக்குது. எடுத்தாரு. 'அப்பா, அம்மா என்னை அடிச்சிட்டா. நீங்க எப்பப்பா வருவீங்க?'

(அரங்கில் அமைதி)

அய்யா, அப்பா முப்பதடி தூரத்திலே உக்காந்திருக்காரு. அவளுக்கு அப்பான்னா அந்தப் போனுக்குள்ளே இருக்கிற குரல்! அந்தக் கிரானைட் திண்ணையிலே உக்காந்து இவரு அழுதாரு. நான் சேர்த்த காசு அந்தத் திண்ணைதான். அண்ணே, உங்க நோட்டுப் புத்தகத்திலே இந்தச் செலவை எந்தப் பக்கத்திலே எழுதியிருக்கீங்க? (பலத்த கைதட்டல்)

கல்யாண் வீட்டுக்குப் போயி மூணாவது மாசம். ராத்திரி பத்து மணி. இவரு ரயில்லே நசுங்கி வந்து பூட்ஸைக் கழட்டுறாரு. தூக்கத்திலே இருந்தவ எழுந்து உக்காந்தா. 'அப்பா, தண்ணி'ன்னா. அவ்வளவுதான். பக்கத்திலேயே நான் படுத்திருக்கேன். என்னைக் கேக்கலே. போனைத் தேடலே. அப்பாவைக் கேட்டா.

போன வளையலை இன்னிக்கும் நினைச்சா கை வெறுமையாத்தான் இருக்கு நடுவர் அவர்களே. ஆனா அந்த ஒரு டம்ளர் தண்ணிக்கு நாலு வளையலும் போயிருந்தாலும் நான் பெட்டியைக் கட்டியிருப்பேன். செலவான ஊராக இருந்தாலும் கூடவே செல்வதே நன்று என்று நல்லதொரு தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமைகிறேன்.