வெற்றிலைத் தட்டும் வாய்ப்புற்றும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மங்கல காரியம் எதுவாயினும் நாம் முதலில் வைப்பது வெற்றிலைத் தட்டையே. அதைப் பழிப்பது எமது நோக்கமன்று. பூசைக்கு வைக்கும் தாம்பூலம் வேறு. பாக்கும் புகையிலையும் சேர்த்து மணிக்கணக்காகக் கன்னத்தில் அடக்கும் தாம்பூலம் வேறு. பின்னதைப் பற்றியே பேச வந்தோம்.

எமது தோலின் மேற்பரப்பும் வாயின் உட்புறமும் செதிள்போன்ற தட்டையான கலங்களால் மூடப்பட்டுள்ளன. அவை கட்டுமீறிப் பெருகுவதே செதிட்கலப் புற்றுநோய். தோலில் அதற்குப் பெருங்காரணம் கடும் வெயில். புகைக்கூடு துடைப்போருக்கு வந்த இவ்வகைத் தோற்புற்றுக்குக் கரிப்புகையே காரணமென 1775இல் லண்டன் வைத்தியர் பேர்சிவல் பொட் எடுத்துரைத்தார். எம்மவரை அது தாக்கும் இடம் வாய். நெய்யூர் மிஷன் வைத்தியசாலையின் வைத்தியர் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப்பற்றி 1933இலேயே எழுதினார். இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோயும் இதுவே.

“புகையிலையை விட்டுவிட்டோம், பாக்கு மட்டுந்தானே?” என்பர் சிலர். பாக்குத் தனியாகவே புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. “எங்கள் பாட்டனார் எண்பது வயதுவரை போட்டாரே!” என்பர் வேறு சிலர். வழுக்குப் பாறையில் நடப்போர் எல்லோரும் விழுவதில்லை. அதனால் பாறை வழுக்காது என்றாகுமா?

மலைச்சரிவில் குளிரிலும் பசியிலும் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு வெற்றிலையே துணை. அவர்களைக் குறைகூற எமக்கு வாயில்லை. ஆயினும் எச்சரிக்கும் கடமை உண்டு. வாயில் வெண்படலம், செம்படலம், இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறப்பது குறைதல் ஆகியவை அடையாளங்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலியிராது; வலியில்லாமையே மோசம்போக்குகிறது. கழுத்துக் கட்டிகளுக்குப் பரவியபின் சிகிச்சை கடினம். ஆரம்பத்தில் கண்டால் குணமாக்கலாம்.

திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சிபெற்ற ஊழியர் வீடுவீடாகச் சென்று வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றிலொரு பங்களவு குறைந்ததென 2005இல் வெளியிட்டனர்.

வாலிபர்களே! நாம் வைத்தியரல்லர். ஆனால், வீட்டுப் பெரியவரிடம், “அப்பாச்சி, வாயை ஒருக்கால் காட்டுங்கோ” என்று அன்போடு கேட்கலாம். ஐயமிருப்பின் பேராதனைப் பல்வைத்தியசாலைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லலாம். அம்பிட்டியவிலிருந்து அது எட்டாத தூரமன்று. பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்போது மறுக்காதீர்கள். தட்டில் வெற்றிலை இருக்கட்டும், கன்னத்தில் வேண்டாம்.