அட்டைக்கும் பாலிசிக்கும் நடுவே



நெஞ்சுவலி என்று ஒருவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், உடன் வந்தவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “காப்பீட்டு அட்டை இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, கையிலிருந்து கட்டுறீங்களா?” இதற்கு என்ன பதில் சொல்கிறோம் என்பதில் ஒரு குடும்பத்தின் அடுத்த பல வருடங்கள் அடங்கியிருக்கின்றன. கையிலிருந்து கட்டுகிறோம் என்று சொல்ல நேர்கிறவர்களைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டு அட்டை பலருக்குத் தெரிந்ததுதான். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. எத்தனையோ இதய அறுவை சிகிச்சைகளும் புற்றுநோய்ச் சிகிச்சைகளும் இந்த அட்டையால் நடந்திருக்கின்றன. ஆனால் இதற்கு ஒரு வருமான வரம்பு உண்டு. முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்ததை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். அதாவது மாதம் 10,000 ரூபாய். கணவன் சொந்த ஆட்டோ ஓட்டி, மனைவி வீட்டிலேயே தையல் தைத்து, இருவருமாக மாதம் 18,000 சம்பாதித்தால், கணக்குப்படி அவர்கள் வரம்புக்கு மேலே போய்விடுகிறார்கள். வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக அவர்கள் கையில் என்ன மிஞ்சும் என்று அந்த வரம்பு கேட்பதில்லை.

இதைப் போலவே 15,000 அல்லது 18,000 ரூபாயை, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. உள்ள ஒரு நிறுவனத்தில் சம்பளமாக வாங்கினால் நிலைமையே வேறு. 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் உள்ள தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாய் கட்டுகிறார், முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். 15,000 ரூபாய் சம்பளக்காரரின் பங்கு மாதம் 113 ரூபாயைத் தாண்டாது. அதற்கு அவருக்கும் குடும்பத்துக்கும் டாக்டரைப் பார்ப்பதிலிருந்து மருந்து, அறுவை சிகிச்சை வரை கிடைக்கிறது. ஆட்டோக்காரருக்கும் தையல்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் இந்த வழி இல்லை. அவர்களுக்காகப் பங்கு கட்ட முதலாளி என்று ஒருவர் இல்லாததே காரணம்.

மிச்சமிருப்பது தனியார் பாலிசி. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 5 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால், இந்த வருமானக்காரர்களுக்கு ஒரு மாத வருமானம் பிரீமியத்துக்கே போய்விடலாம். வயதான அப்பா அம்மாவையும் சேர்த்தால் தொகை எங்கோ போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனாலும் வரி போன பிறகு நிற்கும் பிரீமியமே பலருக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

அப்போது குடும்பங்கள் என்ன செய்கின்றன? முதலில் பெரியவர்களைப் பாலிசியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை. அடுத்து, 5 லட்சத்தை 2 லட்சமாகக் குறைக்கிறார்கள். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் வரும் வருடத்தில் பிரீமியத்தைக் கட்டாமலே விடுகிறார்கள். இந்தக் கடைசிக் காரியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லலாம் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி, அதற்கு முன் நான்கு. சலுகை நாள்களும் கடந்து பாலிசி அறுந்துவிட்டால், அந்தக் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கட்டிய பணத்தோடு கடந்த காலமும் போய்விடும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பலர் கண்கலங்கி நிற்பது டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான். அறை வாடகைக்கு உச்ச வரம்பு போட்ட பாலிசிகள் உண்டு. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் நாளுக்கு 3,000 ரூபாய் என்று வரம்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வித்தியாசமான 3,000 மட்டும் நம் பொறுப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. வரம்பு அறை வாடகையில் பாதி என்றால் டாக்டர் கட்டணமும் அறுவை அரங்கக் கட்டணமும் பாதிதான் கிடைக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அறைக்குத் தகுந்தபடி மற்றக் கட்டணங்களும் ஏறுவதை இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே சேர்க்கும்போதே வரம்பைக் கேளுங்கள், அதற்குள் உள்ள அறையைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சரி, பாலிசி கையில் இருக்கிறது, கிளைமும் கிடைத்துவிட்டது. அத்தோடு கவலை தீர்ந்ததா? பெரும்பாலான பாலிசிகளும் அரசு அட்டையும் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் உதவும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் வீட்டுப் பணம். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது 2013-14-இல் 64 சதவீதம். 2021-22-இல் அது 39 ஆகக் குறைந்தது. குறைந்தது உண்மைதான். இருந்தும் அந்த ஆண்டில்கூட நூற்றுக்கு 39 ரூபாய் நோயாளி வீட்டிலிருந்தே போனது.

இதை மாற்ற என்ன யோசனைகள் இருக்கின்றன? 2021-இல் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக், ஏழைகளுக்கான திட்டத்திலும் சேராமல், பாலிசியும் இல்லாமல் சுமார் 40 கோடிப் பேர் நடுவில் நிற்கிறார்கள் என்று கணக்குக் காட்டியது. அவர்களுக்கு மலிவான பொதுப் பாலிசி கொண்டுவரலாம், பணம் கட்டி அரசுத் திட்டத்தில் சேர விடலாம் என்பது அதன் வழி. ராஜஸ்தானில் முன்பு ஆண்டுக்கு 850 ரூபாய் வாங்கிக்கொண்டு அப்படிச் சேர்த்தும் பார்த்தார்கள். அதே மாநிலம் 2023-இல் சிகிச்சையைச் சட்ட உரிமையாக்கியது. அவசர நோயாளியிடம் முன்பணம் கேட்கக் கூடாது என்ற பிரிவை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள், பணத்தை அரசு எப்போது, எப்படித் தரும் என்பது அவர்கள் கேள்வி.

இன்னொரு யோசனை 2011-இல் டாக்டர் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான நிபுணர் குழு சொன்னது. வரிப்பணத்தில் எல்லாருக்கும் சிகிச்சை, இலவச மருந்து, இடையில் இன்சூரன்ஸ் கம்பெனி வேண்டாம். இந்த எண்ணம் 1946-இலேயே போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கையில் இருந்தது. 

நான் இந்த இரண்டாவது யோசனையின் பக்கம்தான். இதை நம்புவதற்குத் தமிழ்நாடே எனக்குக் காரணம். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்துகளை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கி, ஆரம்பச் சுகாதார நிலையம் வரை இலவசமாகக் கொண்டுசேர்த்தோம். வருமானச் சான்றும் அட்டையும் இல்லாமல் எவரும் வாங்கலாம். அப்படியும் ஆட்டோக்காரர் அங்கே போகத் தயங்கினால் அதற்கு நியாயமான காரணம் உண்டு: அரை நாள் வரிசை, அதனால் போகும் அரை நாள் கூலி. மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு, அன்றைக்கே பரிசோதனை முடிவு, கூடுதல் செவிலியர் இவையெல்லாம் பாலிசியை விட அவருக்கு அதிகம் மிச்சப்படுத்தும். 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22-இல் அது 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அட்டை தொடரட்டும், வரம்பு உயரட்டும். ஆனால் புதிதாக ஒதுக்கும் பணம் முதலில் போக வேண்டிய இடம் அரசு ஆஸ்பத்திரி.

அதுவரை உங்கள் கிளைம் மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.