குழந்தைகளின் உள்ளரங்க விளையாட்டுச் சாலை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நகரங்களில் அடுக்குவீடுகள் பெருகவே, முற்றமும் திண்ணையும் அருகிவிட்டன. ஓடியாட இடமின்றிக் குழந்தைகள் கைப்பேசியே கதியென்று அமர்ந்திருக்கின்றனர். இக்குறையை உத்தேசித்து, கட்டடத்தினுள்ளே சறுக்குமரம், வலையேணி, வண்ணப்பந்துகள் நிரப்பிய தொட்டி முதலியன அமைத்துக் கட்டணம் பெறும் விளையாட்டுச் சாலைகள் பல ஊர்களிலும் தோன்றியுள்ளன. நம்மவரிற் சிலரும் இத்தொழிலில் முதலிட விரும்புகின்றனர். ஆதலின் இதன் ஆதாயத்தையும் அபாயத்தையும் குறித்துச் சில கூற முன்வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தகைய சாலையொன்றைக் காண்போர், அங்குள்ள கூட்டத்தைக் கண்டு பணம் கொட்டுகிறதென்றே மயங்குவர். அவர்கள் செவ்வாய்க்கிழமைப் பகலிலும் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். உதாரணமாக ஒரு கணக்கைக் கவனிப்போம். மாத வாடகை ரூ. 1,50,000, எண்மர் சம்பளம் ரூ. 1,20,000; மின்சாரம் ரூ. 60,000, துப்புரவு, பழுதுபார்த்தல், இன்ஷியூரன்ஸ் ரூ. 30,000, ஆக மொத்தம் ரூ. 3,60,000 என வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாகத் தலைக்கு ரூ. 300 பெற்றால், செலவை ஈடுசெய்யவே 1,200 குழந்தைகள் வரவேண்டும். சனி, ஞாயிறாகிய எட்டு நாட்களிலும் நாளொன்றுக்கு 70 பேர் வரின் 560 ஆகும். எஞ்சிய 640 பேர் 22 வேலைநாட்களில் வரவேண்டும். அஃதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 29 பேர். கருவிகளின் தேய்மானமும் கடன் வட்டியும் இதிற் சேரவில்லை. வேலைநாட்களை நிரப்ப வழி காணாதவர் நஷ்டமடைவது திண்ணம்.

அவ்வழிகளும் உள. பள்ளி செல்லாச் சிறு மதலையர்க்குக் காலை வேளையிற் குறைந்த கட்டணம் விதிக்கலாம். மழலையர் பள்ளிகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மாதச் சந்தா ஏற்படுத்தலாம். முன்பணம் பெற்று நடத்தும் பிறந்தநாள் விருந்து மிக்க பலன் தரும். ஒரு விருந்துக்கு இருபது குழந்தைகள் வந்தால், இருபது குடும்பங்கள் அவ்விடத்தை அறிந்துகொள்கின்றன. உடன்வரும் பெற்றோர்க்கு அமர வசதியும் நல்ல காப்பியும் இருத்தல் அவசியம்.

ஒரு சாலை நிலைபெறுமுன் மற்றொன்றைத் தொடங்குதல் ஆகாது. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு தோன்றிய 'டிஸ்கவரி ஜோன்' என்னும் ஸ்தாபனம், சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான கிளைகளைப் பரப்பிற்று. 1996இல் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது, 1999இல் மூடப்பட்டது.

இனி, யாவற்றினும் முக்கியமானதைக் கூறுவோம். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் தீக்கிரையானதைத் தமிழகம் மறந்திலது. 2024 மே 25ஆம் தேதி குஜராத்தின் ராஜ்கோட் நகரில் விளையாட்டு அரங்கொன்று தீப்பற்றி, குழந்தைகள் உட்பட 27 பேர் மாண்டனர். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலே அவ்வரங்கு நடந்து வந்தது. விளையாட்டுச் சாலைகளில் மிகுதியாக உள்ள நுரைமெத்தைகள் விரைவிற் பற்றி நச்சுப்புகை கக்குவன. ஆகையால் வெவ்வேறு பக்கங்களில் இரண்டு வாயில்களேனும் வேண்டும். அவை உள்ளிருந்து எளிதிற் திறக்கத்தக்கனவாயிருத்தல் வேண்டும். குழந்தைகள் உள்ளிருக்கையில் பற்றவைப்பு வேலை எதுவும் நிகழலாகாது. உள்ளே விடுவோர் தொகைக்கு வரம்பு கட்டி, அதனைக் கூட்ட நாளிலும் மீறாதிருத்தல் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோர்க்குத் தனியிடம் அமைத்து, தினந்தோறும் வலைகளையும் திருகாணிகளையும் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. உள்ளரங்கக் கருவிகளுக்கென ஐரோப்பியர் வகுத்த ஈ.என். 1176 நியமத்தின் 10ஆம் பகுதி வழிகாட்டத்தக்கது.

இவையெல்லாம் வீண்செலவென்று சொல்வோர் உளர். தன் குழந்தையை அரை நாழிகையேனும் நம்மிடம் ஒப்புவிக்கும் தாயின் நம்பிக்கையே இத்தொழிலின் மூலதனம் என்பதை அவர்கள் உணர்வாராக. அது போயின், மற்ற முதல் யாவும் போம்.

சகோதரர்களே! நம்மிற் பலர் சேர்ந்து கூட்டு முதலாய் இதனைத் தொடங்குவீராயின், சுவருக்கு வண்ணம் தீட்டுமுன் இரண்டாம் வாயிலைத் திறவுங்கள். ஆறுமாதச் செலவுக்குரிய தொகையை ஒதுக்கி வையுங்கள். நம் பெண்மக்களை நிர்வாகத்தில் அமர்த்துங்கள். அங்கு வரப்போகிறவர்கள் எல்லாச் சமூகத்துக் குழந்தைகளும் ஆவர். அனைவரையும் நம் வீட்டுப் பிள்ளைகளாகவே காத்தல் நம் கடமை. இம்முயற்சியில் இறங்குவோர்க்கு இறைவன் துணைபுரிவானாக என்று கூறி அமர்கின்றோம்.