வேற்றுரு கொண்டவனும் பார்த்திருந்தவரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாரீசன் மானானதும் சூர்ப்பணகை அழகியாய் நடந்து வந்ததும் இந்த அவை நன்கறிந்தவை. உருமாறுவோனைப் பற்றிய கதைகள் பல மொழிகளிலும் மண்டிக் கிடக்கின்றன. ஆனால் அக்கதையைக் கண்டும் கேட்டும் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள், அவர்கள் சொன்னது காலப்போக்கில் எப்படி மாறிற்று என்பது அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரேயொரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிய பார்வையாளர் கருத்து மாறிய வரலாற்றை எண்ணிப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். கவிஞர் அவையில் தொலைக்காட்சிக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்துவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பரிபாடல் பின்னே வருகிறது.

'தி எக்ஸ் ஃபைல்ஸ்' என்னும் அத்தொடர் 1993 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. படைத்தவர் கிறிஸ் கார்ட்டர். எஃப்.பி.ஐ. என்னும் அமெரிக்கப் புலனாய்வுத் துறையைச் சேர்ந்த இருவர், எவராலும் விளக்க இயலாத வழக்குகளை ஆராய்கின்றனர். மல்டர் எதையும் நம்பத் துடிப்பவன். ஸ்கல்லி மருத்துவம் பயின்றவள், சான்றின்றி எதையும் ஏற்காதவள். 2002 வரை ஒன்பது பருவங்கள் ஓடி, 2016 இலும் 2018 இலும் அத்தொடர் மீண்டும் உயிர் பெற்றது. இவ்விருவரும் காதலராதல் வேண்டும் என்று விரும்பிய சுவைஞர் ஒரு கட்சி. கூடவே கூடாது என்றவர் மறு கட்சி. கதைமாந்தரின் உறவை நாடி நிற்கும் சுவைஞரைச் சுட்ட இன்று உலகெங்கும் வழங்கும் 'ஷிப்பர்' என்னும் சொல்லே இத்தொடரின் சுவைஞரிடையே பிறந்ததுதான்.

1997 ஏப்ரல் 20 அன்று ஒளிபரப்பான பகுதிக்கு 'ஸ்மால் பொட்டேட்டோஸ்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சிறு உருளைக்கிழங்குகள். வழக்கில், பொருட்படுத்தத் தகாதவர், அற்ப விவகாரம் என்பது கருத்து. எழுதியவர் வின்ஸ் கில்லிகன். பின்னாளில், 2008 இல், 'பிரேக்கிங் பேட்' தொடரைப் படைத்துப் புகழ் பெற்றவர் இவரே.

மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்னும் ஊரில் ஐந்து குழந்தைகள் சிறு வாலுடன் பிறக்கின்றன. ஐந்துக்கும் தந்தை ஒருவனே. தாயருள் நால்வர் மணமானவர். தம் கணவரையன்றி வேறெவரையும் அறியாதவர். ஐந்தாமவள் மணமாகாதவள், தன் குழந்தையின் தந்தை திரைப்பட நாயகனாகிய லூக் ஸ்கைவாக்கர் என்று சாதிக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்காக அந்நால்வரும் நாடிச் சென்ற மருத்துவர் மேல் முதலில் ஐயம் எழுகிறது. உண்மையில் செய்தவன், அம்மருத்துவ மனையில் துப்புரவுப் பணி செய்யும் எடி வான் பிளண்ட் என்பவன். அவனுக்கும் பிறவியில் வால் இருந்தது. அவன் தோலுக்கடியில் உடல் முழுவதும் பரவிய ஒரு தசைப்படலம் உண்டு. அதனால் வேண்டியவர் முகத்தைத் தன் முகமாக்கிக்கொள்ள வல்லவன். நான்கு வீடுகளிலும் அவன் கணவன் முகத்தோடு நுழைந்தான்.

கதை இதனோடு முடியவில்லை. எடி, மல்டரை அடைத்துவைத்துவிட்டு அவன் முகத்தோடு வாஷிங்டனுக்குப் போகிறான். அவன் இல்லத்தில் தங்குகிறான். ஒரு மாலையில் மதுக்குப்பியும் கையுமாக ஸ்கல்லியின் கதவைத் தட்டுகிறான். இருவரும் நெடுநேரம் பேசுகின்றனர். தன் பள்ளிப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை ஸ்கல்லி சொல்கிறாள், அவன் கேட்கிறான். முத்தமிடப் போகும் தறுவாயில் உண்மை மல்டர் கதவை உடைத்துக்கொண்டு வருகிறான்.

ஒளிபரப்பான காலத்தில் பார்வையாளர் இப்பகுதியைக் கொண்டாடினர். தொடரின் நகைச்சுவைப் பகுதிகளுள் தலையாயது எது என்னும் பேச்சு எழும்போதெல்லாம் இதன் பெயரும் எழுந்தது. கொண்டாட்டத்துக்குக் காரணங்கள் உண்டு. டேவிட் டுகோவ்னி, மல்டராக நடிக்கும் எடியாக நடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி முன் நின்று அவன் அடையாள அட்டையை வீசித் திறந்து பழகும் இடம் நகைப்பின் உச்சம். எடியாக வந்தவர் டேரின் மோர்கன். இவர் அத்தொடரின் எழுத்தாளருள் ஒருவர்; 'கிளைட் புரூக்மன்ஸ் ஃபைனல் ரிபோஸ்' என்னும் பகுதியை எழுதி 1996 இல் எம்மி விருது பெற்றவர். அதற்கு முன், 1994 இல், சாக்கடையில் வாழும் புழுமனிதனாக இரப்பர் உடைக்குள் புகுந்து நடித்தவரும் இவரே. அவ்வுடை இல்லாமல், தலை வழுக்கையும் தொந்தியும் சோர்ந்த முகமுமாக அவர் வந்தபோது பார்வையாளர் எடியின் பால் இரக்கம் கொண்டனர். பயங்கரம் எதுவும் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் மேலாக அந்த மாலைக் காட்சி. உண்மை மல்டர் ஸ்கல்லியைத் தன் கோட்பாடுகளைக் கேட்பவளாகவே வைத்திருக்கிறான். போலி மல்டரோ அவள் பேசக் கேட்கிறான். இக்காட்சியைப் பெண் பார்வையாளர் பலர் நெஞ்சாரப் போற்றினர். அதில் நியாயமும் உண்டு. உடன் உழைப்பவளிடம் அவள் வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க, ஓர் அயலான் முகமூடி மாட்டி வரவேண்டியிருந்தது என்பது மல்டர் மேல் எறியப்பட்ட கூரிய அம்பு.

ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே பகுதியைத் திரும்பப் பார்த்தவர்களிடையே வேறொரு குரல் வலுத்தது. புதிதாய்ப் பார்த்த இளையோரும் அதையே கேட்டனர்: நான்கு பெண்களை அவர்தம் கணவர் முகம் காட்டி வஞ்சித்தவனைக் கண்டு எதற்காகச் சிரிப்பது? இச்செயலுக்குச் சட்டம் இட்ட பெயர் வல்லுறவு. அச்சொல் கதைக்குள்ளேயும் ஒருமுறை சொல்லப்படத்தான் செய்கிறது. ஆயினும் கதை அதைக் கடந்து எடியின் அசட்டுத்தனத்துக்கு விரைந்துவிடுகிறது. எவருக்கும் துன்பமில்லை, பிள்ளை வேண்டியவர்க்குப் பிள்ளை கிடைத்தது, இதில் குற்றம் எங்கே என்று எடி வாதிடுகிறான்; அவன் வாதத்துக்கு மறுமொழி கூற அந்நால்வருள் ஒருத்தியும் அழைக்கப்படுவதில்லை. தாம் அறிந்ததைத் தமக்குள் அவர்கள் எவ்வாறு தாங்கினர் என்று காட்டும் காட்சி ஒன்றும் இல்லை.

பழைய சுவைஞர் இதற்கு விடை சொல்லாமல் இல்லை. நகைச்சுவையை நீதிமன்றத்தில் நிறுத்தலாகாது என்றனர்; அக்காலத்து அளவுகோல் வேறு என்றனர். முதல் விடையில் ஓரளவு பொருளுண்டு. இரண்டாவது விடை நிற்காது. 1997 இல் இருந்த சட்டமும் இதைக் குற்றமென்றே கொண்டிருக்கும். மாறியது அளவுகோலன்று, கண் நின்ற இடம். முன்னர்க் கண் எடியின் முகத்தில் நின்றது. பின்னர் அந்நான்கு வீடுகளின் பக்கம் திரும்பிற்று.

இக்கதையைச் சிரிக்கத் தக்கதாக்கியவருள் கில்லிகன் முதல்வர் அல்லர். ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன்னர் உரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் இதே நிகழ்ச்சியை மேடையேற்றினார். போருக்குச் சென்ற ஆம்ஃபிட்ரியோனின் உருவில் கடவுட் கோமான் அவன் மனைவி அல்க்மேனாவை அடைகிறான். அந்நாடகத்தின் முன்னுரையில் மெர்க்குரி தெய்வம் பார்வையாளரை நோக்கியே பேசுகிறது: இது துன்பியல் என்றதும் முகஞ்சுளித்தீர்களோ, அப்படியாயின் இன்பியலையும் கலந்து தருகிறேன் என்கிறது. இருவகையும் கலந்த நாடகத்துக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர் அவ்விடத்தில்தான் பிறந்தது. வஞ்சிக்கப்பட்டவள் கதையை எவ்வாறு பார்ப்பது என்னும் தடுமாற்றம் அன்றே தொடங்கியது போலும்.

பரிபாடலுக்கு இனி வரலாம். எழுபது பாடல்களில் முழுமையாய் எஞ்சிய இருபத்திரண்டனுள் பத்தொன்பதாவது, நப்பண்ணனார் பாடியது, திருப்பரங்குன்றத்தைப் பற்றியது. மலைக்குச் சென்றவர் அங்குள்ள எழுதெழில் ஓவியங்களின் முன் நிற்கின்றனர். இவள் யார், இவன் யார் என்று கேட்போர் சிலர். விடை சொல்வோர் சிலர். அகலிகை ஓவியத்தின் முன் நின்றவர், பூனை உருவில் இருப்பவன் இந்திரன், இவள் அகலிகை, வெளியே சென்ற கவுதமன் இவன், அவன் சினந்ததால் இவள் கல்லுருவானாள் என்று உடன் வந்தோர்க்கு உரைக்கின்றனர். உருமாறியவன் கதையைப் பார்த்த தமிழ்ப் பார்வையாளர் சொன்ன சொல்லுக்கு இத்துணைப் பழமையான பதிவு இருப்பது எண்ணி மகிழத் தக்கது. மகிழ்ச்சியோடு ஒன்றையும் நோக்கல் வேண்டும். அவ்விளக்கத்தில் இந்திரனின் தந்திரம் உண்டு, கவுதமனின் சினம் உண்டு. அகலிகைக்குக் கிடைத்தவை ஒரு பெயரும் ஒரு கல்லும்.

அவள் அறிந்தாளா, அறியவில்லையா என்பதே பின்வந்த கேள்வியாயிற்று. கம்பர், அவள் இடையில் உணர்ந்தும் விலக்காமல் நின்றாள் என்று பாடினார். பின்பு நெஞ்சால் பிழை செய்யாதவள் என்று சொல்லிக் கணவனிடம் சேர்ப்பிக்கவும் வைத்தார். இவ்விரண்டையும் எவ்வாறு இசைப்பது என்று உரைகாரர் படும் பாடு கற்பிப்போர் அறிந்தது. புதுமைப்பித்தன் 1943 இல் 'சாபவிமோசனம்' எழுதியபோதுதான் அகலிகைக்குக் கேட்கவும் வாய்த்தது. கேட்டதைத் தாங்காமல் மீண்டும் கல்லாகவும் வாய்த்தது. பரங்குன்றத்து ஓவியத்துக்கும் அச்சிறுகதைக்கும் இடையே கண் நகர எடுத்துக்கொண்ட காலம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பார்வையாளர்க்கு ஒரு தலைமுறை போதுமாயிருந்தது என்றால், பெண்கள் தாமே அமர்ந்து பார்த்துத் தம் கருத்தைத் தாமே சொன்னது அதற்கொரு காரணம் எனலாம்.

எடியாக நடித்த டேரின் மோர்கன் 2016 பிப்ரவரி 1 அன்று தாமே எழுதி இயக்கிய உருமாறிக் கதையோடு மீண்டு வந்தார். அதில் பல்லி போன்ற ஓர் உயிரி, ஒரு மனிதன் கடித்ததனால் மனிதனாக மாறும் நோய்க்கு ஆளாகிறது. மாறியதும் அதற்கு நாணம் வருகிறது. உடை வேண்டும் என்கிறது. வேலை தேட வேண்டும் என்கிறது. கைத்தொலைபேசிக் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்து, அவ்வேலையை வெறுத்து, விடவும் இயலாமல் தவிக்கிறது. கொலைகளைச் செய்தவனோ அப்பல்லி அன்று, விலங்குக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த மனிதன். அப்பருவத்தின் ஆறு பகுதிகளில் இதுவே சிறந்தது என்று பார்வையாளர் பெரும்பாலோர் தீர்ப்பளித்தனர். திருநங்கைப் பாத்திரம் ஒன்று நகைப்புக்குப் பயன்பட்டதைக் குறித்து வருந்தியோரும் உண்டு. அவர் வருத்தமும் புறந்தள்ளத் தக்கதன்று.

அக்கதையில் ஒரு சிறு இடம். மனிதனான பல்லி, கடைக்கு வந்த ஸ்கல்லி தன்னை விரும்பித் தழுவினாள் என்று மல்டரிடம் அளக்கிறது. மல்டர் அதை நம்பவில்லை. மனிதனானபின் அது கற்றுக்கொண்டவற்றுள் பெண்ணைப் பற்றிப் பொய் சொல்லுதலும் ஒன்று என்பது நகைச்சுவை. முன்னர் எடியாக நடித்த அதே கலைஞர், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஆணின் வெற்றிக் கதையைப் பொய்யென்று கதைக்குள்ளேயே உடைத்துக் காட்டியது தற்செயலாகவும் இருக்கலாம். பார்த்தவர் அதனைத் தற்செயலாகக் கொள்ளவில்லை.

1997 பகுதியின் இறுதிக் காட்சியில் எடி சிறையில் இருக்கிறான். முகம் மாறாதிருக்க அவனுக்குத் தசை தளர்த்தும் மருந்து கொடுக்கப்படுகிறது. காண வந்த மல்டரிடம், தான் பிறவியிலேயே தோற்றவன், மல்டரோ விரும்பித் தோற்பவன் என்கிறான். வெளியே காத்திருந்த ஸ்கல்லி, நீ தோற்றவன் அல்லன் என்று மல்டரைத் தேற்றுகிறாள். ஆயினும் எடியும் அல்லவே என்று அவன் பெருமூச்செறிகிறான். இருவரும் சிறைக்கூடத்தின் நீண்ட வழியில் நடக்கின்றனர். அந்த மாலையைப் பற்றி ஸ்கல்லியிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை.